அட்லஸின் சும்மாடு

திருவனந்தபுரத்துச் சந்தையான சாலைக் கம்போளத்தில் வீரபாண்டி சந்தேகப்படாத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவருடைய சொந்தக் கழுத்து. மற்றபடி பிந்துவின் சாயக்கடையில் சாயா வாங்கினால் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாய் வைப்பார். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், சீட்டில் ஏதாவது கொட்டிக் கிடக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். மகள் ஸ்நேகா நல்ல மார்க் வாங்கி வந்தால், கேள்வித்தாள் முன்கூட்டியே வெளியே போய்விட்டதா என்று விசாரிப்பார். மனைவி மாடம்மாள் கல்யாணமான புதிதில் இதற்கெல்லாம் அழுதாள். பிறகு சிரிக்கப் பழகினாள். பிறகு இரண்டையும் விட்டுவிட்டு, அவர் கேட்பதற்கு முன்பே பதிலைச் சொல்லிவிடும் வழக்கத்துக்கு வந்து சேர்ந்தாள்.

களக்காட்டுக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து மீசை அரும்பும் வயதில் திருவனந்தபுரம் வந்தவர். ஓட்டலில் இலை எடுத்தார், கட்டட வேலையில் கலவை சுமந்தார், கடைசியில் சாலையில் மூட்டை சுமக்கும் சுமட்டுத் தொழிலாளிகளின் செட்டு ஒன்றில் இடம் கிடைத்தது. நீலச் சட்டையும் அட்டையும் கைக்கு வந்த அன்று, அட்டையில் இருப்பது தன் முகம்தானா என்று வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் காட்டிக் கேட்டார். அது அவர்தான். அந்த முகத்தை வேறு யாரும் விரும்பி வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று செட்டு லீடர் பேச்சிமுத்து சொன்னார். அந்த இடத்தை வைத்துத்தான் அவர் கல்யாணம் செய்துகொண்டார், ஆரியசாலைப் பக்கம் வீடு பிடித்தார், மகளைப் படிக்க வைத்தார். ஊரில் யாராவது என்ன செய்கிறாய் என்று கேட்டால், சாலையில் எனக்கு ஒரு இடம் இருக்கிறது என்பார். வேலை இருக்கிறது என்று சொன்னதே இல்லை.

சாலையின் உள்சந்துகளில் லாரி நுழையாது. மல்லி, வற்றல் மிளகாய், வெங்காயம், சுக்கு எல்லாம் தலையில் ஏறித்தான் கடைக்குப் போக வேண்டும். தலைக்கும் மூட்டைக்கும் நடுவில் சும்மாடு. வீரபாண்டியின் சும்மாடு, பழைய கைலியை முறுக்கி வளையமாக்கி, உள்ளே தேங்காய்நார் வைத்து மாடம்மாள் தைத்துக் கொடுத்தது. வருஷக்கணக்கில் அவர் மண்டையின் மேடுபள்ளம் முழுக்க அதில் பதிந்துவிட்டது.

நிறை மூட்டையைத் தன் தலையில் தானே ஏற்றிக்கொள்ள எந்தக் கொம்பனாலும் முடியாது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்து ஏற்றிவிட வேண்டும். வீரபாண்டி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் தலை கொடுத்ததில்லை. முன்னால் நிற்பவனைக் கண்ணால் பார்க்கலாம், பின்னால் நிற்பவன் எப்போது கையை விடுவான் என்று யாருக்குத் தெரியும் என்பார். அவர் திரும்பிப் பார்த்து முடிக்கும்வரை மூட்டையைப் பிடித்தபடி நிற்பவர்களுக்குக் கை கடுக்கும். திட்டிக்கொண்டே நிற்பார்கள்.

ஆனால் அந்தக் கம்போளத்தில் எழுதி வைக்காத ஒரு முறை உண்டு. சுமையோடு நிற்பவன் 'பிடி' என்று சொல்லிவிட்டால் பக்கத்தில் இருப்பவன் கை கொடுத்தாக வேண்டும். சங்கக் கொடி வேறாக இருக்கலாம், சண்டை போட்டுப் பேச்சே நின்றுபோயிருக்கலாம். கையைக் கொடுத்துவிட்டுப் பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டால் யாரும் கேட்க மாட்டார்கள். வீரபாண்டியும் இந்த முறையை மீறியதில்லை. சந்தேகப்பட்டுக்கொண்டேதான் கொடுப்பார், ஆனால் கொடுத்துவிடுவார்.

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்கிய வாரத்தில் ஒரு நாள், மல்லி மூட்டையோடு, சாக்கடை மேல் போட்ட ஓடைப்பலகையைத் தாண்டும்போது கழுத்துக்குள் ஏதோ நகர்ந்தது. வலிகூட உடனே வரவில்லை. விரல்களில் எறும்பு ஊர்வது போல ஒரு மரமரப்பு. மூட்டையைக் கடையில் இறக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரால் தலையைத் திருப்ப முடியவில்லை. வாழ்நாள் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்த மனிதருக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். இளவயது டாக்டர் அதை விளக்கில் மாட்டி, மண்டையோட்டுக்கு நேர் கீழே இருக்கும் எலும்பைப் பேனாவால் காட்டினார். அதன் பெயர் அட்லஸ் என்றும், அதைப் பிடித்திருக்கும் நார் இழுபட்டிருக்கிறது என்றும், ஓணம் வரை ஒரு பிடி அரிசிகூடத் தலையில் வைக்கக் கூடாது என்றும் சொன்னார். வீரபாண்டி டாக்டரை உற்றுப் பார்த்தார். அட்லஸ் என்பது ஸ்நேகாவின் பள்ளிக்கூடப் பையில் இருக்கும் தேசப்படப் புத்தகம். போன வருஷம் அவர்தான் அட்டை போட்டுக் கொடுத்தார். அது எப்படித் தன் கழுத்துக்குள் வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. தான் படிக்காதவன் என்பதால் டாக்டர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட்டு, கழுத்துப்பட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

செட்டில் ஒருவர் நோவில் கிடந்தால் அவருக்குப் பகரம், அதாவது மாற்றாக, இன்னொருவர் நிற்கலாம். பகரக்காரன் சுமந்தாலும் இடம் நோவாளியுடையது. ஆனால் ஓணத்துக்குப் பிறகும் அவர் வரவில்லையென்றால் செட்டு கூடி, சுமந்தவனுக்கே இடத்தைக் கொடுத்துவிடும். இந்த வழக்கத்தை ஒரு காலத்தில் பேச்சிமுத்துவோடு நின்று ஆதரித்தவர் வீரபாண்டியேதான். இப்போது அது யாரோ தன்னைக் கவிழ்க்கப் போட்ட திட்டம் போலத் தோன்றியது.

பகரம் வந்தவன் தாசையன். பாறசாலைக்காரன், அரிசி மில்லில் மூட்டை தூக்கிப் பழகியவன், முப்பதைத் தாண்டாதவன். முதல் நாளே வீட்டுக்கு வந்து, அண்ணாச்சி நீங்க வரது வரைக்கும் பாத்துக்கிடுதேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் போன பிறகு வீரபாண்டி, வீட்டை ஏன் சுற்றுமுற்றும் பார்த்தான் என்று மாடம்மாளிடம் கேட்டார். செருப்பைக் கழற்றி எங்கே வைப்பது என்று பார்த்தான் என்றாள் மாடம்மாள்.

கழுத்துப்பட்டையோடு அவர் தினமும் கம்போளத்துக்குப் போனார். பிந்துவின் சாயக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் லாரி நிற்கும் இடம் நேராகத் தெரியும். தாசையன் வேலை செய்தான், அவர் அதைக் காவல் காத்தார். அவன் சிரித்தால், ஏன் சிரிக்கிறான் என்று யோசித்தார். பேச்சிமுத்து அவன் தோளில் கை போட்டால், அந்தக் கை எவ்வளவு நேரம் அங்கே இருக்கிறது என்று பார்த்தார். தாசையன் எல்லாரையும்விட முந்தி வந்தான், பிந்தித்தான் போனான். இடத்தைப் பிடிக்க நினைக்கிறவன்தான் இப்படி உழைப்பான் என்று வீரபாண்டிக்கு உறுதியானது.

ஒரு நாள் அவன் தலையில் தன்னுடைய சும்மாடு இருப்பதைக் கண்டார். அந்தக் கைலியின் பச்சைக் கட்டம் அவருக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்து கேட்டபோது மாடம்மாள் மறைக்கவில்லை. அவன் வெறும் துண்டைச் சுருட்டி வைத்துச் சுமந்ததைப் பார்த்துத் தானே கொடுத்ததாகச் சொன்னாள். இடம், சும்மாடு, அடுத்து என்ன என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே சோற்றைப் பிசைந்தார்.

ஆஸ்பத்திரியில் கழுத்துக்குப் பயிற்சி கொடுத்தவள் ஆதிரா. நாகர்கோவிலில் படித்த மலையாளப் பெண், தமிழ் நன்றாகப் பேசுவாள், இடையிடையே மலையாளம் எட்டிப் பார்க்கும். அவளிடம்தான் வீரபாண்டி மனசில் கிடந்ததைக் கேட்டார். கழுத்து எலும்புக்கும் பள்ளிக்கூடப் புத்தகத்துக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது, டாக்டர் தன்னை ஏமாற்றுகிறாரா? ஆதிரா சிரித்தாலும் கேலி செய்யவில்லை. இரண்டுமே ஒரு ஆளின் பெயர்தான் என்றாள்.

கிரேக்கர்களின் பழங்கதையில் அட்லஸ் ஒரு பூதாகாரமான ஆள். தேவர்களோடு நடந்த சண்டையில் தோற்ற பக்கத்தில் இருந்தவன். ஜெயித்தவர்கள் அவனுக்குக் கொடுத்த தண்டனை, உலகத்தின் மேற்கு ஓரத்தில் நின்று வானத்தைச் சுமப்பது. பழைய தேசப்படப் புத்தகங்களில் அவன் படத்தைப் போட்டார்கள், அந்தப் புத்தகத்துக்கும் அவன் பெயரே நிலைத்தது. மண்டையோட்டைத் தாங்குகிற எலும்புக்கும் வைத்தியர்கள் அவன் பெயரை வைத்துவிட்டார்கள். ஒரு தடவை ஹெர்குலிஸ் என்ற வீரன், தன் ராஜா கேட்ட, தேவர்களின் தோட்டத்துத் தங்க ஆப்பிளைத் தேடி அவனிடம் வந்தான். நீ போய்ப் பறித்து வா, அதுவரை வானத்தை நான் பிடித்துக்கொள்கிறேன் என்றான். அட்லஸ் போனான், பறித்தான், திரும்பியும் வந்தான். ஆனால் சுமையில்லாத தோளின் சுகம் தெரிந்துவிட்டது. ஆப்பிளை ராஜாவிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன், நீயே சுமந்துகொண்டிரு என்றான். ஹெர்குலிஸ் மறுக்கவில்லை. சரி, தலை வலிக்கிறது, சும்மாடு வைத்துக்கொள்கிறேன், அதுவரை ஒரு நிமிஷம் பிடி என்றான். அட்லஸ் ஆப்பிளைக் கீழே வைத்துவிட்டு வானத்தை வாங்கினான். ஹெர்குலிஸ் ஆப்பிளை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினான்.

வீரபாண்டி பயிற்சியை நிறுத்திவிட்டார். வானத்தைச் சுமக்கிற கதையில் தன் தொழில் சாமான் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"சும்மாடு சுமைக்கு முந்தி வைக்கது. சுமந்துக்கிட்டு நிக்கும்போது ஒருத்தன் சும்மாடு கேட்டான்னா அவன் கள்ளன். அந்தத் தடியனுக்கு இதுகூடத் தெரியலியா?"

"அந்த ஆளுக்கு ஆரும் ஒரு சும்மாடு கொடுத்ததில்லல்லோ, சேட்டா," என்றாள் ஆதிரா. "பின்னே எப்படித் தெரியும்?"

அது அவர் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து ஸ்நேகாவின் அட்லஸை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். அந்த ஆளின் படம் அதில் இல்லை. இருந்தாலும் கதை அவர் மனசில் கூடு கட்டிவிட்டது. அந்தக் கதையில் தான் யார் என்று இரண்டு நாள் குழம்பினார். சுமையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பவர் அவர், அதனால் அவர் அட்லஸ். சுமையோடு நிற்பவன் தாசையன். அப்படியென்றால் சும்மாட்டைச் சாக்காக வைத்து ஒரு நாள் தாசையன்தான் 'பிடி' என்பான். டாக்டர் அனுமதிப்பதற்கு முன்னால் சுமை தன் கையில் ஏறினால் கழுத்து போய்விடும். கழுத்து போனால் இடம் அவனுக்கு. எல்லாம் பொருந்தியது. பொருந்தாதவற்றை அவர் ஒதுக்கி வைத்துவிட்டார். அட்லஸ் சுமையை வெறுத்தவன், தான் அதைத் திரும்பப் பெறத் தவிக்கிறவன் என்ற வித்தியாசம் அவர் கண்ணில் படவே இல்லை.

மலையாளத்து ஆடி மாதமான கர்க்கடகம் கழிந்து ஓணம் நெருங்கியது. சாலையில் கால் வைக்க இடமில்லை. ஒரு பக்கம் ஏத்த வாழைக்காய் சிப்ஸ் வறுக்கும் எண்ணெய் வாடை, இன்னொரு பக்கம் தோவாளைப் பூக்கூடைகள். வீரபாண்டியின் கழுத்துப்பட்டையை அந்த வாரம்தான் கழற்றியிருந்தார்கள். கையால் எதையும் பிடிக்கலாம், தலையில் மட்டும் வேண்டாம் என்று ஆதிரா சொல்லியிருந்தாள். காலையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவர் பெஞ்சிலிருந்து எழுந்து ஓரமாக நின்றிருந்தார்.

தாசையன் வெங்காய மூட்டையோடு சந்துக்குள் திரும்பினான். நடை தடுமாறியது. சும்மாடு ஒரு பக்கமாகச் சரிந்து அவன் காதுக்கு வந்திருந்தது. பக்கத்தில் செட்டுக்காரர் வேறு யாரும் இல்லை. அவன் அவருக்கு நேராக வந்து நின்றான். மூட்டையின் ஓரத்தை ஒரு கை தாங்கினால் போதும், அவன் இன்னொரு கையால் சும்மாட்டை நேராக்கிவிடுவான்.

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம் பிடிங்க. சும்மாடு நழுவுது."

கதையில் வந்த வார்த்தை அப்படியே வந்துவிட்டது. வீரபாண்டி இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டார்.

"இந்தக் கத எனக்குத் தெரியும்டே," என்றார்.

தாசையன் அவரைப் பார்த்தான். அவர் சொன்னது அவனுக்குப் புரியவில்லை. அடுத்த கணம் மூட்டை சரிந்தது. அதைப் பிடிக்கப் போன அவன் கால் ஓடைப்பலகையில் மடங்கியது. வெங்காயம் சாயக்கடை வாசல்வரை உருண்டு வந்தது. பிந்து கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள். லாரியடியிலிருந்து செட்டுக்காரர்களும் ஓடிவந்தார்கள். அவர்கள் முதலில் பார்த்தது தாசையனை அல்ல. கட்டிய கையோடு நின்ற வீரபாண்டியைத்தான்.

ராத்திரி பேச்சிமுத்து வீட்டுக்கு வந்தார். தாசையனுக்கு எலும்பு முறியவில்லை, கணுக்கால் சுளுக்குதான், கொஞ்ச நாள் நடக்கக் கூடாது என்றார். வீரபாண்டி தன் கழுத்தைப் பற்றி, டாக்டரைப் பற்றி, வானத்தைச் சுமந்த ஆளைப் பற்றியெல்லாம் சொல்லத் தொடங்கினார். பேச்சிமுத்து குறுக்கிடாமல் கேட்டார்.

"கழுத்து வலிக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மதி, அது போதும் ஓய். ஒருத்தனும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டான். நீரு கையக் கட்டிக்கிட்டுல்லா நின்னீரு."

செட்டு அன்று சாயங்காலமே கூடிவிட்டது, இடம் வீரபாண்டிக்குத்தான், டாக்டர் சம்மதித்ததும் வரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நினைத்தது கிடைத்துவிட்டது. ஆனால் இவ்வளவு சுலபமாக ஏன் கொடுத்தார்கள் என்று வீரபாண்டி அதையும் சந்தேகப்பட்டார்.

மறுநாள் தாசையனின் மனைவி ஜெபமலர் வந்தாள். துவைத்துக் காயவைத்த சும்மாட்டைப் பையிலிருந்து எடுத்து மாடம்மாளிடம் கொடுத்தாள். வீரபாண்டி உள்ளே இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ஓணம் கழிந்ததும் மலையோரத்து விதுராவுக்குப் போகிறோம், அங்கே மிளகும் ஏலமும் விற்கும் என் அண்ணனின் மலஞ்சரக்குக் கடையில் இவருக்கு வேலை முன்பே பேசி வைத்தாயிற்று, சுமட்டு வேலை இனி வேண்டாம் என்று கர்க்கடகத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டோம் என்றாள். மாடம்மாள் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"வீக்கம் இருக்கு அக்கா. நான் அன்னைக்கே சொன்னேன், இந்தச் சும்மாடு ஒங்க தலைக்கு ஒக்காதுன்னு. அது அண்ணாச்சி தலைக்குப் பழகினதுல்லா, தினமும் நழுவும். வேற தச்சுத் தாரேன்னா கேக்க மாட்டாவ. அண்ணாச்சி எடத்துல நிக்கேன், அவிய சும்மாட்டத்தான் வைப்பேன், நம்ம சும்மாட்ட வச்சா எடம் நம்மளதுன்னு ஆயிப்போவும்னு சொல்லுவாவ."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. புருஷனின் பிடிவாதத்தைச் சொல்லும் எந்த மனைவியும் போலத்தான் சொன்னாள். வீரபாண்டி வெளியே வர எழுந்தார், திரும்பவும் உட்கார்ந்துவிட்டார். வெட்கமாக இருந்தது, அதுவும் சாதாரண வெட்கம் இல்லை. தன் இடத்தைத் தன்னைவிடக் கவனமாகக் காத்தவனை அவர் கள்ளன் என்று எண்ணியிருந்தார். ஜெபமலர் போன பிறகு மாடம்மாள் சும்மாட்டை அவர் மடியில் வைத்தாள்.

ஓணம் கழிந்தது. பாதி மூட்டை வரை சுமக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வீரபாண்டி நீலச் சட்டை போட்டுக்கொண்டு லாரியடிக்குப் போனார். யாரும் முகத்தைத் திருப்பவில்லை, கழுத்தை விசாரித்தார்கள், பிந்து சாயா கொடுத்தாள். பிறகு வேலை தொடங்கியது. ஒருவர் தலையில் ஏற்ற இருவர் பிடித்தார்கள், அந்த இருவரில் ஒருவருக்கு வேறு இருவர் பிடித்தார்கள். வீரபாண்டியும் கேட்காமலேயே போய்ப் பிடித்தார், அவர் கையை யாரும் தள்ளவில்லை. அவருடைய முறை வந்தது. மல்லியின் பாதி மூட்டை லாரி விளிம்பில் இருந்தது. அவர் சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அதன் அடியில் போய் நின்றார்.

யாரும் வரவில்லை. அவர்கள் மறுத்தார்கள் என்று சொல்ல முடியாது. 'பிடி' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முறைப்படி வந்தே ஆக வேண்டும், வந்திருப்பார்கள். அவர் சொல்லக் காத்திருந்தார்கள். வீரபாண்டி வாயைத் திறந்தார். அந்த வார்த்தை வரவில்லை. எத்தனையோ ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை, இப்போது அதைச் சொல்லத் தனக்கு என்ன உரிமை என்று நினைத்தார். தலையில் சும்மாட்டோடு, சுமை இல்லாமல், அத்தனை பேர் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

தாசையன் அன்று விதுரா பஸ்ஸுக்குப் போகும் வழியில் சொல்லிக்கொண்டு போக வந்திருந்தான். கால் இன்னும் லேசாக நொண்டியது. பையைப் பிந்துவின் பெஞ்சில் வைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கி நேராக லாரியடிக்கு வந்து, வீரபாண்டிக்குப் பின்னால் நின்று மூட்டையின் அடியில் கை கொடுத்தான். அதைப் பார்த்ததும் பேச்சிமுத்து முன்னால் வந்து பிடித்தார். மூட்டை விளிம்பை விட்டு நகர்ந்தது. இருவரும் அதைப் பிடித்தபடி நின்றார்கள், வீரபாண்டி வழக்கம் போலத் திரும்பிப் பார்த்து முடிக்கட்டும் என்று.

"சும்மாடு சரியா இருக்கான்னு பாத்துக்கிடுங்க அண்ணாச்சி," என்றான் தாசையன்.

வீரபாண்டி திரும்பவில்லை.

"நீ பாத்தா மதிடே," என்றார், குனிந்து தலையைக் கொடுத்தார்.